இடது தோளில் ஒரு பஞ்சு

முதல் சட்டையைப் போட்டதும் அதைத் தைத்தவனைத் திட்டினேன். இரண்டாவதைப் போட்டதும் கம்பெனியைத் திட்டினேன். மூன்றாவதும் அதே பக்கம் சரிந்து நின்றபோது, கண்ணாடியை யாரோ கோணலாக மாட்டியிருக்கிறார்கள் என்று முடிவு செய்து, ட்ரயல் ரூம் கதவைத் திறந்து சத்தமாகவே சொன்னேன். நான் அப்படித்தான். தப்பு என் பக்கம் இருக்கலாம் என்ற யோசனை எனக்குக் கடைசியில்தான் வரும்.

துர்காதேவி அக்கா எழுந்து வந்தாள். திருப்பதியில் அந்த ரெடிமேட் கடை அவளுடையது. எனக்கு அங்கே அன்றுதான் முதல் நாள். அக்கா நகரியில் தறி ஓட்டும் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் துணியில் ஒரு கோடு கோணினால் பத்தடி தூரத்திலிருந்தே பிடித்துவிடுவாள். நான் போட்டிருந்தது குறுக்கே நீலக்கோடு ஓடும் வெள்ளைச் சட்டை, கீழே ஜீன்ஸ். கோடுகள் எல்லாம் என் நெஞ்சின் குறுக்கே இடப்பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தன.

"சட்ட நேராத்தான் கீது தபிதா. நீதான் சாய்ஞ்சிக்கினு நிக்கிற" என்றாள்.

நேராக நின்றேன்.

"இன்னும் நேரா நில்லு."

"இதுக்கு மேல எப்படிக்கா நிக்கறது?"

அவள் என் இரண்டு தோளிலும் விரலை வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். பிறகு ஒரு டேப்பை எடுத்துக் தோள் நுனியிலிருந்து தரை வரை இரண்டு பக்கமும் அளந்தாள். ஒரு தடவை அளந்து நம்பாமல் மறுபடியும் அளந்தாள். "இடது தோள் ஒரு இஞ்ச் எறங்கிக் கீது. உனக்குத் தெரியாதா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

எனக்குத் தெரியாது. இருபத்து மூன்று வயதாகிறது. ஊர்ப் பெண்களுக்கெல்லாம் எந்த உடம்புக்கு எந்த உடை என்று சொல்லிக்கொடுப்பது என் தொழில். எனக்கே தெரியாது.

தொழில் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். டிகிரி முடித்து இரண்டு வருஷம் சித்தூரில் சும்மா உட்கார்ந்திருந்தபோது, ஜன்னல் விளிம்பில் போனை நிறுத்தி ரீல்ஸ் போட ஆரம்பித்தேன். இங்கிலீஷ்காரர்கள் பெண்களின் உடம்பை ஆப்பிள், பேரிக்காய் என்று பிரிப்பார்கள். சித்தூரில் பேரிக்காயை யார் கண்டார்கள்? நான் மாம்பழப் பெயர் வைத்தேன். நடு உடம்பு நிறைந்திருந்தால் பங்கனபள்ளி. குட்டையாக, உருண்டையாக இருந்தால் நீலம். ஒல்லியாக நீண்டிருந்தால் தோத்தாபுரி. நீலம் அக்காக்கள் மேலும் கீழும் ஒரே நிறத்தில் போட்டால் உயரமாகத் தெரிவார்கள். பங்கனபள்ளிகள் குர்தியை இடுப்பின் அகலமான இடத்தில் முடியவிடக் கூடாது. அதற்கு மேலே முடியணும், இல்லையென்றால் நல்லா கீழே இறக்கணும். ஜீன்ஸ் மேல் பட்டன் போடாத ஒரு சட்டையைத் தொங்கவிட்டால் எந்த மாம்பழத்துக்கும் எடுப்பாக இருக்கும். இப்படி நூறு ரீல்ஸ். அதைப் பார்த்துத்தான் துர்காதேவி அக்கா கூப்பிட்டாள். கடைக்கு வருகிறவர்களுக்கு எது பொருந்தும் என்று நான் சொல்ல வேண்டும், கடைத் துணியைப் போட்டு ரீல்ஸும் எடுக்க வேண்டும். ஒரே நிபந்தனை, நான் ரெடிமேட்தான் போடணும்.

அங்கேதான் வந்தது வினை. நான் அதுவரை ரெடிமேட் போட்டதே இல்லை. "கடத் துணி நம்ம உடம்புக்கு ஒத்து வராது" என்பது எங்கள் அம்மா கிரேஸின் சட்டம். யூனிபார்ம், சுடிதார், கிறிஸ்துமஸ் கவுன் எல்லாமே சித்தூரில் காஞ்சனா அக்காவிடம் தைத்தது. வீட்டில் இருப்பது வாஷ்பேசினுக்கு மேலே முகம் மட்டும் தெரிகிற கண்ணாடி. மூன்று பக்கமும் ஆளுயரக் கண்ணாடி வைத்த அறைக்குள் நான் நின்றதே அன்றைக்குத்தான் முதல் தடவை.

கழற்றிப் போட்டிருந்த என் சுடிதார் டாப்பை துர்காதேவி அக்கா கையில் எடுத்து உள்பக்கம் திருப்பினாள். இடது தோளில் தையலுக்குள் ஒரு பஞ்சுத் திண்டு இருந்தது. வலது தோளில் இல்லை.

"இது இன்னா?"

"துப்பட்டா பின் குத்தறதுக்குக்கா" என்றேன். "சர்ச்சுல துப்பட்டா நழுவக் கூடாதில்ல. பின்னு தோள்ல ஏறாம இருக்க அம்மா வைக்கச் சொல்லுவாங்க."

சொல்லும்போதே என் குரல் எனக்குக் கேவலமாகக் கேட்டது. ஏனென்றால் அந்தப் பஞ்சைப் பற்றி நான் ஒரு ரீல் போட்டிருந்தேன். தபிதாவின் ரகசிய டிப்: இடது தோளில் மட்டும் சின்னப் பஞ்சு வைத்துத் தைத்தால் துப்பட்டா நாள் முழுக்க நகராது. பதினோராயிரம் பேர் பார்த்தார்கள். கீழே கமெண்ட் போட்டவர்களில் பாதிப் பேர், வைத்துப் பார்த்தோம், ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு அசிங்கமாக இருக்கிறது என்று எழுதினார்கள். உங்கள் டெய்லருக்குத் தைக்கத் தெரியவில்லை என்று ஒவ்வொருத்தருக்கும் பதில் போட்டேன். ஒரு அக்கா நாயுடுபேட்டையிலிருந்து போட்டோவே அனுப்பினாள். அவளிடம் சண்டைக்கே போனேன்.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. மத்தியானமே பஸ் ஏறி, சித்தூரில் இறங்கி, வீட்டுக்குப் போகாமல் நேராகக் காஞ்சனா அக்கா கடைக்குப் போனேன். அவள் மோட்டார் மிஷினில் யாருடைய ஜாக்கெட்டையோ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் அளவு நோட்ட எடு."

"இன்னாத்துக்கு?"

"எடுக்கா."

அவள் மிஷினை நிறுத்தவில்லை. நானே அலமாரியில் கைவிட்டு நோட்டை எடுத்தேன். மற்ற எல்லார் பெயருக்குக் கீழேயும் தோள் என்று ஒரே அளவுதான். என் பெயருக்குக் கீழே இடது தோள், வலது தோள் என்று தனித்தனியாக. நீளமும் இரண்டு. அதுக்குப் பக்கத்தில் ஒவ்வொரு வருஷமும் பஞ்சு எவ்வளவு என்று எழுதியிருந்தது. ஏழாங்கிளாஸில் கால் இஞ்ச். எட்டில் அரை. பத்தில் முக்கால். காலேஜில் ஒன்று. நோட்டை வெடுக்கென்று மூடியதில் அட்டை கிழிந்துவிட்டது.

காஞ்சனா அக்கா அப்போதுதான் மிஷினை நிறுத்தினாள். பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். இல்லை. அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

"பதினோரு வருசமா ஒருத்தராவது கண்டுபுடிச்சாங்களா சொல்லு" என்றாள். "உனக்கே தெரியலியே. வேற எவளாவது இப்படித் தைப்பாளா?"

"எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"உங்க அம்மா சொல்லக் கூடாதுன்னாங்க. நா தைக்கிறவ. உங்க வூட்டு வெவகாரத்துல நா எதுக்கு வாயத் தொறக்கணும்?"

வீட்டுக்குள் போனபோது நைனா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். நைனா என்றால் எங்கள் அப்பா. மாம்பழக் கூழ் ஆலையில் வேலை, பேச்சு கம்மி. என் தங்கை பெர்சிஸ் தரையில் கணக்கு போட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் பதினோரு வயது வித்தியாசம். அம்மா அடுப்பங்கரையிலிருந்து, "இன்னா சீக்கிரம் வந்துட்ட? துன்னுட்டுப் பேசு" என்றாள்.

டாப்பின் உள்பக்கத்தைத் திருப்பி அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். அம்மா பஞ்சைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"யாரு சொன்னது? அந்தக் கடக்காரியா?"

"கண்ணாடி சொல்லுச்சு."

"சரி, தெரிஞ்சி இன்னா பண்ணியிருப்ப?" என்று அம்மா கேட்டாள். குரலில் கோபம்கூட இல்லை. "ரூம்ல ஒக்காந்து அழுதுக்கினு இருந்திருப்ப. ஸ்கூல்ல எவளாவது கோணத்தோளுன்னு கூப்ட்டிருப்பா. நா உன்ன அழாம வளத்தேன். அது தப்பா?"

நைனா டிவியை நிறுத்தினார். ஏதாவது சொல்வார் என்று திரும்பினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். அவருக்கும் தெரியும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் பெரியவர்களுக்கெல்லாம் தெரிந்த ஒன்று, அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு திரிகிறவளுக்கு மட்டும் தெரியவில்லை. அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

மறுநாள் துர்காதேவி அக்காதான் திருப்பதியில் ஒரு எலும்பு டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் தெலுங்குக்காரர், எங்களுக்காகப் பாதித் தமிழில் பேசினார். "கொஞ்செம் முந்துக்கு வங்கம்மா" என்றார். முன்னால் குனிந்தேன். என் முதுகில் உள்ளங்கையை வைத்து வலதிலிருந்து இடதுக்கு நகர்த்தினார். வலது பக்கம் முதுகு மேடாக எழும்பியிருப்பதை அவர் கை ஏறி இறங்கியதில் நானே உணர்ந்தேன். பிறகு எக்ஸ்ரே எடுத்து, படத்தை எனக்குக் காட்டினார். என் முதுகெலும்பு நேராக வந்து, நடுவில் வலதுபக்கம் ஒதுங்கி, மறுபடி உள்ளே திரும்பியது. படத்தின் ஓரத்தில் என் பெயர் இல்லையென்றால் வேறு யாருடையதோ என்று சண்டை போட்டிருப்பேன்.

"உயிருக்கு ஒண்ணும் ஆபத்து இல்லம்மா" என்றார் டாக்டர். "எக்சர்சைஸ் சொல்றேன், செய்யணும். ஆனா நேராக்க முடியாது. எலும்பு வளந்து முடிஞ்சிடுச்சு. பதினொண்ணு, பன்னெண்டு வயசுல வந்திருந்தா ஒரு பெல்ட் போட்டு, மேல மேல வளையாம நிறுத்தியிருக்கலாம். அப்ப வீட்ல யாரும் கவனிக்கலியா?"

"கவனிச்சாங்க சார்" என்றேன். "பஞ்சு வச்சாங்க."

அவருக்குப் புரியவில்லை. துர்காதேவி அக்கா அவரிடம் தெலுங்கில் விளக்கினாள். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். பிறகு, "இது சில குடும்பத்துல தொடர்ந்து வரும். தம்பி, தங்கச்சி இருந்தா காட்டிடுங்க. வளர்ற வயசா இருந்தா லேட் பண்ணாதீங்க" என்றார்.

பெர்சிஸுக்குப் பன்னிரண்டு வயது. ஏழாங்கிளாஸ். எனக்குக் கால் இஞ்ச் பஞ்சு வைத்த அதே கிளாஸ்.

சித்தூர் வரும் வரைக்கும் பஸ்ஸில் நான் உட்காரவில்லை. உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே வந்தேன். சந்திரகிரி எப்போது போனது, பாகாலா எப்போது வந்தது, எதுவும் தெரியாது. வீட்டுக்குப் பின்னால் கொடியில் பெர்சிஸின் புது யூனிபார்ம் உள்பக்கம் வெளியே தெரியக் காய்ந்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் தைத்தது. கிட்டே போகப் பயமாக இருந்தது. போய்த் தொட்டேன். இடது தோளில், இன்னும் வெள்ளை மாறாத புதுப் பஞ்சு.

கொடியைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கு வைத்தபோது அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது, பயந்துபோய் மறைத்தாள் என்று பஸ்ஸில் வரும்போது ஒரு நியாயம் தேடி வைத்திருந்தேன். அது அந்தப் பஞ்சோடு போயிற்று. இன்னொரு தடவை. அதே டெய்லர், அதே பஞ்சு, அதே பொய்.

யூனிபார்மை உருவிக்கொண்டு உள்ளே போனேன்.

"நாளைக்குப் பெர்சிஸ டாக்டர்கிட்ட கூட்டிக்கினு போறோம்" என்றேன். "சின்னப் பொண்ணுன்றதால அம்மாவோ அப்பாவோ வரணும். நீ வா, இல்ல நைனாவ அனுப்பு. அவளுக்கு பெல்ட் போட்டா நிக்கும்."

"பெல்ட்டா?" என்றாள் அம்மா. "அதக் கட்டிக்கினு ஸ்கூலுக்குப் போவாளா? சர்ச்சுக்கு வருவாளா? எத்தினி வருசம்? சொல்லு. நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பாங்க?"

"அவளுக்குப் பன்னெண்டு வயசும்மா."

"உனக்கு இருவத்தி மூணு. இதுவரைக்கும் மூணு பேரு வந்து கேட்டாங்க. எதனால? அந்தப் பஞ்சாலதான்."

"அவுங்க கேட்டது என்னைய இல்லம்மா, காஞ்சனா அக்கா தைச்சத."

அம்மா கை ஓங்கினாள். அடிக்கவில்லை. நைனாவைப் பார்த்தேன். "உங்க அம்மா சொல்றதுதான்" என்றார், தரையைப் பார்த்தபடி. எனக்கு வந்த ஆத்திரத்தில் இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி பேசினேன். பெற்றவர்களை அப்படிப் பேசக் கூடாது. பேசினேன். நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து என் முதுகைத் தின்றுவிட்டீர்கள் என்றேன்.

அப்போது பெர்சிஸ் கணக்கு நோட்டை மூடிவிட்டு எழுந்தாள். அவள் அங்கே இருந்ததை நாங்கள் மூன்று பேருமே மறந்திருந்தோம்.

"என் முதுகுல இன்னாக்கா கீது?"

அவள் கையைப் பின்னால் வளைத்து, முதுகைத் தொட்டுப் பார்க்க முயன்றாள். எட்டவில்லை. குனிந்தாள். மெல்லிய பனியன் துணிக்கு அடியில் வலது பக்கம் லேசாக, மிக லேசாக, ஒரு மேடு எழும்பியது. அம்மா ஓடிப்போய் அவள் முதுகில் கையை வைத்து மூடினாள். வீட்டுக்குள் எங்களைத் தவிர யாருமே இல்லை. யாரிடமிருந்து மூடினாள் என்று எனக்குத் தெரியவில்லை.

"அக்காவுக்கு லேட்டாயிடுச்சு" என்றாள் பெர்சிஸ் குனிந்தபடியே. "எனக்கும் லேட்டாவட்டும்னு வுட்டுடுவியாம்மா?"

அம்மா அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள்.

காலையில் நான் எழுந்தபோது அம்மா குளித்து, சர்ச் பாடகர் குழுவுக்குக் கட்டும் வெள்ளைப் புடவையைக் கட்டி, கைப்பையோடு வாசலில் நின்றாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் பெர்சிஸை ஜன்னலோரம் உட்காரவைத்து, அவளுக்கு இட்லி ஊட்டினாள். திருப்பதியில் இறங்கும்போது, திரும்பிவிடலாம் என்று சொல்வாள், அப்போது என்ன சொல்லி இழுத்துப்போவது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் பெர்சிஸைக் குனியச் சொல்லிப் பார்த்தார். "இப்பதான் ஆரம்பம். நல்ல நேரத்துல வந்திருக்கீங்க. படம் எடுத்துப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்றார்.

எக்ஸ்ரே அறையின் கதவைத் திறந்ததும் பெர்சிஸ் நின்றுவிட்டாள். இருட்டறை, பெரிய மிஷின், தனியாக நிற்க வேண்டும். அவள் உதடு பிதுங்கியது. "நா போமாட்டேன்" என்று கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் இழுத்தேன், கெஞ்சினேன், வெளியே வந்தால் ஐஸ்கிரீம் என்றேன். நர்ஸும் சொல்லிப் பார்த்தாள். பெர்சிஸ் பிடித்த பிடியை விடவில்லை. அவளை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட அம்மாவுக்கு இப்போது நல்ல சாக்கு. நான் அம்மாவைப் பார்த்தேன்.

டாக்டர் எட்டிப் பார்த்து, பேப்பரில் எழுதிக்கொண்டே கேட்டார், "வீட்ல இவங்க ரெண்டு பேரத் தவிர வேற யாருக்காவது இருக்குதாம்மா?"

"இல்ல சார், எங்களுக்கு மட்டும்தான்" என்றேன் நான். எல்லாம் தெரிந்தவள்.

அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்தாள். இடது தோளில் புடவை மடிப்பைப் பிடித்திருந்த பின்னைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டாள். முந்தானையை எடுத்துக் கையில் சுற்றினாள். ஜாக்கெட்டின் இடது தோளுக்குள் விரலை விட்டு, பழுத்து மஞ்சளாகிப்போன ஒரு பஞ்சுத் திண்டை வெளியே எடுத்தாள். அது வந்ததும் அந்தத் தோள் கீழே இறங்கியது. என் தோளைவிட அதிகம். ரொம்ப அதிகம்.

ரோட்டில் போகிறவளை ஒரு தடவை பார்த்தாலே இவள் பங்கனபள்ளி, இவள் நீலம் என்று சொல்கிறவள் நான். இருபத்து மூன்று வருஷம் இந்தப் பெண்ணின் பின்னாலேயே நடந்திருக்கிறேன்.

அம்மா என்னைப் பார்க்கவில்லை. வாயிலிருந்த பின்னை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள். பெர்சிஸின் விரல்களைக் கதவுச் சட்டத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். பிறகு நர்ஸிடம், "மொதல்ல எனக்கு எடும்மா" என்றாள்.

"அம்மா," என்றாள் பெர்சிஸ்.

"நீ இங்கயே நின்னு பாத்துக்கினு இரு" என்றாள் அம்மா. "வலிக்காது."